வம்சாவளி வரையப்பட்ட நாள்

நான் வேலை செய்த வாசிப்பு அறையில் இப்போது மைக்ரோஃபில்ம் இயந்திரங்கள் இல்லை. சௌமியா போன மாதம் வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். கோயம்புத்தூர்ப் பெண். சிட்னியின் மேற்குப் பக்கத்தில், குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கான அந்த அறையில் நான் விட்டுவந்த மேசையில் இப்போது அவள்தான் இருக்கிறாள்.

"மெஷின் இருந்த இடத்துல சோபா போட்டுட்டாங்க ஆன்ட்டி. வர்றவங்க எல்லாம் போன்லயே குடும்ப மரத்தோட வர்றாங்க. டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு எச்சிலைத் துப்பி அனுப்பினா போதும், சொந்தக்காரங்க கொத்துக் கொத்தா கிடைக்கிறாங்க. அப்புறம் நான் எதுக்குன்னு எனக்கே தெரியல."

"சொந்தக்காரர் கூடினால் சண்டையும் கூடும். உமக்கு வேலை இருக்கும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னாள். புதிதாகச் சேருபவர்களுக்காக, எனக்கு மிகவும் கடினமாக இருந்த விசாரணையை எழுதித் தர வேண்டுமாம். அன்றைக்கு அவளுக்கு ஸ்பானியப் பாட்டியின் கதையைச் சொல்லி அனுப்பினேன். அது கடினமானதுதான். ஆனால் எல்லாவற்றிலும் கடினமானது அந்த அறையில் நடக்கவில்லை. அவள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த எங்கள் சாப்பாட்டு மேசையில், நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்தேன். இங்கே வந்து செவன் ஹில்ஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஒட்டினேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நூலகப் படிப்பு, பிறகு ஒப்பந்த வேலை, பிறகு நிரந்தரம். வேலையைக் கற்றுத் தந்தவர் மார்கரட், என் மேலாளர்.

முதல் நாள் என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையை அவர் பார்த்தார். ஜெயந்தி பெல்டன்.

"கணவரின் பெயரா?"

"இல்லை. என் பூட்டனாரின் பெயர்."

"ஆங்கிலேயரா?"

"இல்லை. பள்ளிக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர்."

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் மிஷன் விடுதிப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒரு பிள்ளையின் சோற்றுக்கும் படிப்புக்கும் கடலுக்கு அப்பால் யாராவது ஒருவர் பணம் கட்டுவார். பிள்ளைக்கு அவருடைய பெயரை வைப்பார்கள். அவர் பிள்ளையைப் பார்த்ததில்லை, பிள்ளையும் அவரைப் பார்த்ததில்லை. அப்படி ஒரு பெல்டன், வந்தே இராத ஊரில் எங்கள் குடும்பப் பெயரானார். அதற்கு முன் என் பூட்டனார் எந்தப் பெயரில், யார் பிள்ளையாக இருந்தார் என்று அப்பா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதைக் கேட்கிறவர்கள் வழக்கமாக எவ்வளவு சுவாரசியம் என்பார்கள். மார்கரட் அப்படிச் சொல்லவில்லை. "அது உங்களுடையது. நீங்கள் திறக்கும்வரை இங்கே யாரும் திறக்க மாட்டார்கள்" என்றார். நாங்கள் சேர்ந்து வேலை செய்த காலம் முழுவதும் அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை.

அவர் நெடிய பெண். வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட் இருக்கும். அவர் பேனாவால் எழுதி நான் பார்த்ததில்லை, எல்லாம் பென்சில்தான். வருபவர் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு உயிரோடு இருப்பவர்கள், அதன் பிறகுதான் இறந்தவர்கள். அரசரில் தொடங்கிக் கீழே இறங்க ஆசைப்படுபவர்களை, "முதலில் உங்களை வளர்த்தவர் யார் என்று சொல்லுங்கள்" என்று கேட்டுத் தரைக்கு இறக்கிவிடுவார்.

சங்கடமான செய்தி சொல்லவேண்டிய நாளில் அவர் நாற்காலியை மேசையின் மறுபக்கத்திலிருந்து எடுத்துவந்து வந்தவருக்குப் பக்கத்தில் போடுவார். இருவரும் ஒரே திசையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். செய்தியை அவர் வாயால் சொல்ல மாட்டார். தாளை நடுவில் வைத்துவிட்டு, வந்தவர் தானே வாசித்து முடிக்கும்வரை பெப்பர்மின்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு காத்திருப்பார்.

அந்தத் தாளைப் பற்றிக் கேட்க அவரிடம் மூன்று கேள்விகள் இருந்தன. யார் சொன்னது? எப்போது சொன்னது? ஏன் அப்போது?

மூன்றாவதுதான் முக்கியம் என்பார். "யாரும் சும்மா உட்கார்ந்து வம்சாவளி வரைவதில்லை, ஜெயந்தி. யாருக்கோ அது தேவைப்பட்ட நாளில்தான் வரைகிறார்கள். அந்த நாளைக் கண்டுபிடியுங்கள்."

இன்றைக்கு வம்சாவளி பலருக்குப் பொழுதுபோக்கு. இந்த நாடு குடியேற்றமாக இருந்த காலத்தில் அது ஒருவரின் தலைவிதியாக இருந்தது. கைதியாக விலங்கோடு கப்பலில் வந்தவர், தன் செலவில் வந்தவர் என்று சிட்னியில் மனிதர் இரண்டு வகை. தண்டனை முடிந்து, நிலம் வாங்கி, வண்டி வாங்கி, பணக்காரரான பிறகும் முதல் வகையினரோடு இரண்டாம் வகையினர் ஒரே மேசையில் சாப்பிட மாட்டார்கள். ஆளுநர் வீட்டு விருந்துக்கு யாருக்கு அழைப்பு, யாருடைய மகளை யார் மகன் கேட்கலாம், யார் நீதவான் ஆகலாம், எல்லாம் தாத்தா எப்படி வந்தார் என்பதில் நின்றது. அதனால் தாத்தாக்கள் மாறினார்கள். மரணப் பதிவில், இறந்தவர் இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வருடம் என்று ஒரு கேள்வி இருந்தது. வீட்டார் அதற்கு மட்டும் தெரியாது என்பார்கள். வருடத்தைச் சொன்னால் கப்பல் தெரிந்துவிடும், கப்பல் தெரிந்தால் விலங்கும் தெரிந்துவிடும்.

ஸ்பானியப் பாட்டி வந்தது இப்படித்தான். ஜோன் என்ற வயதான அம்மாள், நல்ல வெள்ளைக்காரி. அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் தலைமுடி கறுப்பு. கொள்ளுப்பாட்டியின் தாய் ஒரு ஸ்பானியக் கப்பல் தலைவரின் மகள் என்று நான்கு தலைமுறை சொல்லிவந்திருக்கிறார்கள். நாங்கள் தேடினோம். கப்பல் தலைவர் யாரும் இல்லை. ஓர் அதிகாரியின் குடும்பம் மதராஸ் கரையிலிருந்து வந்தபோது கூட்டிவந்த பணிப்பெண் ஒருத்தி இருந்தாள். மார்கரட் அன்றைக்கு விடுமுறை. நாற்காலியை நான்தான் தூக்கிப் பக்கத்தில் போட்டேன்.

ஜோன் வாசித்தார். பிறகு தாளின் மேல் இருந்த என் கையைப் பார்த்தார்.

"நீங்கள் அங்கிருந்தா?"

"அதற்குப் பக்கத்துத் தீவு."

ஜோன் தாளை மறுபடி பார்த்தார். "ஒரு ஸ்பானியக்காரிக்காக, அவள் நிறம் எனக்கும் வந்துவிடும் என்று, நான் வாழ்நாள் முழுக்க வெயிலில் போகாமல் இருந்தேன்" என்று சிரித்தார். பிறகு, இதைத் தங்கையிடம் சொல்ல முடியாது என்று அழுதார். அந்த ஸ்பானியக் கதை பிறந்த நாளையும் நாங்கள் கண்டுபிடித்தோம். அந்தப் பணிப்பெண்ணின் மகளுக்கு மாப்பிள்ளை தேடிய ஆண்டில்தான் அது முதலில் சொல்லப்பட்டிருந்தது.

அன்றைக்கு ரயிலில் வீடு திரும்பும்போது எங்கள் ஊரை நினைத்தேன். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் நிலத்தையும் ஆட்களையும் தோம்பு என்ற பதிவேட்டில் எழுதினார்கள். யார் வரி கட்டுவது, யார் கூலியில்லாமல் உழைப்பது என்று தெரிய வேண்டும், அதற்காக ஒவ்வொருவரும் யார் பிள்ளை, என்ன சாதி என்று எழுதினார்கள். பிறகு வந்த ஆங்கிலேயர் உடையார், முதலியார் என்று பதவிகளும் பட்டங்களும் கொடுத்தார்கள். அவற்றைக் கேட்டு மனுப் போடுபவர் தன் முன்னோரின் பெருமையை வரிசையாக எழுதிக் கொடுத்தார். காணி வழக்கில் நிற்பவரும் எழுதினார். எழுதியது குடும்பத்தில் தங்கியது. பதவி போயிற்று, வெள்ளைக்காரனும் போனான், தாள் மட்டும் இருந்தது. இங்கே மறைப்பதற்கு வரைந்தார்கள், அங்கே காட்டுவதற்கு வரைந்தார்கள் என்று அன்றைக்கு ரயிலில் நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு தாள் ஒருநாள் என் வீட்டுக்கு வரும் என்று நினைக்கவில்லை.

என் மகள் ஆரணி பிஸியோதெரபிஸ்ட். முப்பத்தொரு வயது. சில வருடங்களுக்கு முன் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி, எல்லாம் சரி என்ற நிலைக்கு வந்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் என் அப்பாவின் ஊரை விசாரித்தார். "பிறகு எடுக்கிறம்" என்று போனை வைத்தார்கள். எடுக்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. ஆரணி அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலைக்குப் போய்வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டில் வைத்தது தட்டிலேயே இருந்தது. ஒரு தாய் அதைப் பார்த்துவிட்டால் பிறகு அவள் பழைய ஆளாக இருக்க முடியாது. நான் இருக்கவில்லை.

பிறகு அவளாகவே துவாரகனைச் சந்தித்தாள். மெல்பேணில் நோபல் பார்க்கில் வளர்ந்த பெடியன். அவனுக்கு மூன்று வயதில் தாய் இறந்துபோக, தகப்பனின் அக்கா பூமணிதான் வளர்த்தவர். தகப்பன் சிவபாதம், ஓய்வு பெற்ற சிவில் எஞ்சினியர். ஒருநாள் அவர் எனக்கு போன் எடுத்தார்.

"தங்கச்சி, குறை நினைக்கக்கூடாது. நீங்கள் இந்த வேலையில இருந்தனீங்கள் எண்டு துவாரகன் சொன்னவன். எங்கட வம்சாவளி என்னட்ட இருக்கு. உங்கட பக்கத்தையும் ஒரு தாளில போட்டுத் தந்தியள் எண்டால், ரெண்டையும் பெரிசா அடிச்சு கல்யாண ஹோல் வாசல்ல வைப்பம். இஞ்ச பிறந்த பிள்ளையளும் வேர் தெரிஞ்சு வளரவேணும்தானே."

"ஓம் அண்ணை."

"ஆரணியின்ர அப்பா ரவியின்ர பக்கம் பிரச்சினை இல்லை. எந்தக் கோயில், எத்தனையாம் திருவிழா எண்டெல்லாம் விசாரிச்சிட்டன். உங்கட அப்பாவின்ர பக்கம்தான் கொஞ்சம்..."

அதோடு நிறுத்தினார். எங்கள் ஆட்கள் அந்த வசனத்தை முடிப்பதில்லை. ஊர் கேட்பார்கள், ஊருக்குள் எந்தக் குறிச்சி என்று கேட்பார்கள், கோயில் கொடியேறினால் எத்தனையாம் நாள் திருவிழா உங்கள் குடும்பத்துடையது என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்க மாட்டார்கள். நாங்கள் மிஷன் ஆட்கள், எங்களுக்குத் திருவிழா இல்லை.

என் கணவர் ரவி கார் ஓட்டப் பழக்குபவர். சொன்னதைக் கேட்டுவிட்டு, "மனுசன் வடிவா சிக்னல் போடுறார். எந்தப் பக்கம் திரும்பப்போறார் எண்டுதான் பார்க்கவேணும்" என்றார்.

ஆரணி சிரிக்கவில்லை. "இட்ஸ் எ காஸ்ட் செக், அம்மா. வித் எ நைஸ் ஃபொன்ட்."

"அப்பிடி இல்லாமலும் இருக்கலாம், பிள்ளை."

"நீங்க அதைச் செய்து குடுத்து, அதைப் பார்த்து அவர் ஓம் எண்டா, எனக்கு வேண்டாம். அப்பிடி ஒரு வீட்டுக்குள்ள நான் போகமாட்டன்."

"செய்து குடுக்காட்டி?"

"ஐ டோன்ட் நோ."

அதைச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மெதுவாகச் சாத்தினாள். கொடுத்தால் அவள் வேண்டாம் என்பாள், கொடுக்காவிட்டால் அவர் வேண்டாம் என்பார். எப்படிப் போனாலும் அந்தக் குளிர்காலம் திரும்பி வரும் என்பதே என் நெஞ்சில் இருந்தது.

இவ்வளவு வருடம் பிறருக்குச் செய்ததை அடுத்த நாள் காலை குசினி மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எனக்குச் செய்தேன். நான். என் அப்பா, ஆசிரியர். அவருடைய அப்பா, உபதேசியார். அவருடைய அப்பா, பெல்டன் என்று பெயர் வைக்கப்பட்ட பிள்ளை. அவருக்கு மேல் ஒரு பெட்டி, வெறுமையாக.

அதற்குள் என் பென்சில் 'பதிவு கிடைக்கவில்லை' என்று எழுதத் தொடங்கியது. கை பழக்கத்தில் எழுதிய வசனம் அது. மரியாதையானது, யாரும் குறை சொல்ல முடியாதது. சிவபாதம் அண்ணைக்கும் அது போதுமாக இருக்கலாம். ஆனால் எங்கள் வாசிப்பு அறையில் இதற்கு இரண்டு வசனங்கள் உண்டு. தேடிப் பார்த்து இல்லையென்றால் 'கிடைக்கவில்லை'. தேடாமல் விட்டால் 'தேடவில்லை'. ஒன்றை மற்றதாக எழுதியவரை மார்கரட் ஒருமுறை வாரம் முழுவதும் படியெடுக்கும் இயந்திரத்தடியில் நிறுத்தியிருந்தார்.

அழித்துவிட்டு 'தேடவில்லை' என்று எழுதினேன்.

அவர்கள் ஒரு சனிக்கிழமை விமானத்தில் வந்தார்கள். சிவபாதம் அண்ணை, பூமணி அக்கா, துவாரகன் மூவரும். நான் ஹரிஸ் பார்க் கடையொன்றில் இனிப்பு வாங்கி வைத்திருந்தேன். அது போதாதென்று பூமணி அக்கா ஒரு டின் நிறைய முறுக்குக் கொண்டுவந்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை. துவாரகன் அவருக்குச் சொகுசான கதிரை தேடி, முதுகுக்கு ஒரு குஷன் வைத்தான்.

சிவபாதம் அண்ணை நீண்ட பிளாஸ்டிக் குழாயிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். லாமினேட் செய்திருந்தார். விரித்தால் சுருண்டது. நான்கு மூலைக்கும் தேநீர்க் கோப்பைகளும் முறுக்கு டின்னும் ஊறுகாய்ப் போத்தலும் வைக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்தது. உச்சியில் ஒரு முதலியார். கீழே உடையார்கள். அதற்குக் கீழே வக்கீலான ஒரு புரொக்டர், ஓவர்சியர். கடைசியில், பிறகு பேனாவால் சேர்த்த எஞ்சினியரும் துவாரகனும்.

நான் என் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டேன். ரவி, "பரலல் பார்க்கிங்" என்று மெல்லச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. என் தாளை அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் தானே வாசிக்கட்டும் என்று விட்டேன்.

கண்ணாடியை மாற்றிப் போட்டு, எஞ்சினியர் வரைபடம் பார்ப்பதுபோலக் கீழிருந்து மேலே போனார். கடைசிப் பெட்டியில் விரல் நின்றது.

"தேடவில்லை எண்டால்?"

"தேடவில்லை எண்டால் தேடேல்லை, அண்ணை."

"நீங்கள் தேடுற வேலைதானே செய்தனீங்கள்?"

"ஓம். மற்ற ஆக்களுக்கு."

"எனக்கு விளங்கேல்லை, தங்கச்சி. ஒரு எஞ்சினியர் தன்ர வீட்டுக்குக் கூரை போடாமல் விட்ட மாதிரி இருக்கு."

"நான் அதுக்குள்ள நனையேல்லை, அண்ணை. அதால போடேல்லை."

ஆரணி என்னைப் பார்த்தாள். எதிரில் துவாரகனின் பக்கத்தில் இருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் வாசிக்க முடியவில்லை. சிவபாதம் அண்ணையின் லாமினேட் தாளை என் பக்கம் கொஞ்சம் இழுத்தேன். இழுத்த பிறகு, அந்த மேசையில் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன்.

"இதை ஆர் எழுதினது, அண்ணை?"

"எங்கட ஐயா டைப் அடிச்சவர். பழசு ஒண்டு இருந்தது, அதைப் பார்த்து. அந்தக் காலத்தில பூட்டன் உடையார் வேலைக்கு மனுப் போட்டவர். வேற ஆரோ போட்டிக்கு நிண்டவையாம். மனுவோட வம்சாவளியும் சேர்த்துக் குடுத்தது."

"ஐயா எப்ப டைப் அடிச்சவர்?"

"நான் கம்பஸில படிக்கேக்க. லீவுக்கு வந்தபோது மேசையில இருந்தது."

"ஏன் அப்ப?"

அவர் கோபிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். "அது சும்மா... ஒரு பதிவா இருக்கட்டும் எண்டு..."

"சும்மா இல்லை, சிவம்."

சொன்னது பூமணி அக்கா. முறுக்கை விரலால் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துக் கோப்பைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தவர், நிமிராமலே தொடர்ந்தார்.

"என்னைக் கேட்டு வந்தவைக்குக் காட்டத்தான் ஐயா அடிச்சவர். எங்கட பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சவர் ஒருத்தர். மிஷன் ஆக்கள். அவரின்ர தகப்பன் வந்து விறாந்தைக் கதிரையில இருந்தார். ஐயா இதைக் கையில குடுத்து, உங்கடயும் ஒண்டு கொண்டாங்கோ எண்டவர். மரியாதையாத்தான் கேட்டவர். தேத்தண்ணி நான்தான் ஊத்திக் குடுத்தனான். அந்த மனுசன் முழுக்க வாசிச்சார். மடிச்சு மேசையில வைச்சார். போட்டு வாறம் எண்டார். பிறகு வரேல்லை."

ஊறுகாய்ப் போத்தல் மூலையில் சறுக்கி, தாள் ஒரு பக்கம் சுருண்டது.

"எனக்கு இது தெரியாது அக்கா" என்றார் சிவபாதம் அண்ணை.

"உனக்குத் தெரியாது எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா நீ இதுக்குக் காசு குடுத்து பிளாஸ்டிக் போட்டிருக்கமாட்டாய்."

துவாரகன் எழுந்து வந்து, சுருண்ட மூலையைப் பிரித்து, குனிந்து தேடினான். "மாமி, இதில நீங்க எங்க?"

"நான் எப்பிடியடா இருப்பன். இது பெடியளின்ர தாள்."

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். "அக்கா, உங்கட முழுப் பேரைச் சொல்லுங்கோ."

சொன்னார். எழுதினேன்.

"பிறகு?"

"பிறகென்ன. துவாரகன்."

இரண்டு பெட்டிக்கும் நடுவில் புள்ளிபுள்ளியாக ஒரு கோடு இழுத்தேன். அதை எட்டிப் பார்த்த சிவபாதம் அண்ணை, "ஏன் புள்ளியா?" என்று கேட்டார். பெற்றால் முழுக்கோடு, பெறாமல் வளர்த்தால் புள்ளிக்கோடு, அதுதான் எங்கள் வேலையின் வழக்கம் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்து, தன் தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டு மூடியைத் திருகினார். சாப்பிட்டோம். பேச்சு மெல்பேண் குளிரைப் பற்றியும் ரவியின் மாணவர்களைப் பற்றியும் இருந்தது. வாசலில் நின்று அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பி, "போட்டு வாறம்" என்றார். பூமணி அக்கா ஆரணியின் கன்னத்தைத் தொட்டார்.

அந்த இரண்டு சொல்லையும் நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டபோது கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து வந்த நாட்களில் போன் அடித்தால் முதலில் எண்ணைப் பார்த்தேன். ஆரணி எதுவும் கேட்கவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். நான் தட்டைப் பார்ப்பதை அவள் கண்டுகொண்டாள். "அம்மா, நான் சாப்பிடுறன். நீங்க சாப்பிடுங்கோ" என்றாள். சாத்துகிறாளா என்று அவள் அறைக் கதவையும் கவனித்தேன். திறந்தேயிருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. இப்போதும் முழுதாகப் போகவில்லை, மெல்பேண் எண் என்றால் எடுக்கும் முன் ஒரு மூச்சு நிறுத்திக்கொள்கிறேன்.

சௌமியாவுக்கு ஒரு வார்த்தை. சோபா போட்டது நல்லதுதான். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வசதி. போனில் மரத்தோடு வருபவரிடமும் கேளும், இது யாருக்காக, எந்த நாளில் வரையப்பட்டது என்று. பதில் தெரிந்தவர் பெரும்பாலும் அந்த மரத்தில் இருக்க மாட்டார். ஆனால் சில வேளை அவரும் கூட வந்திருப்பார். ஓரத்தில் பேசாமல் இருப்பவருக்கும் ஒரு கதிரை போடும்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

"தங்கச்சி, சிவபாதம். ஒரு பேனா எடுங்கோ."

பேனா அகப்படவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் தொங்கிய பென்சிலை எடுத்தேன்.

"கல்யாணக் கார்டுக்கு வசனம் எழுதியிருக்கிறன், பிழை இருந்தால் சொல்லுங்கோ. உங்கட பக்கத்துப் பேர் எப்பிடிப் போடவேணும் எண்டு நீங்களே எழுதி அனுப்புங்கோ. நான் கேக்கேல்லை. எங்கட பக்கம் இப்பிடி." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். துவாரகனை யாருடைய அன்பு மகன் என்று சொல்லும் இடத்தில் முதலில் பூமணி அக்காவின் முழுப் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு மறைந்த மனைவியின் பெயர். கடைசியாகத் தன் பெயர்.

நான் எழுதி முடித்தேன். அவர் இன்னும் போனில் இருந்தார்.

"தங்கச்சி, கார்டில புள்ளிக்கோடு போடத் தேவையில்லைத்தானே?"

"இல்லை அண்ணை" என்றேன். "கார்டில கோடே போடுறேல்லை."